முதுகுக்குள் 31 ஜோடி நரம்புகள்

 

இன்றைய பேச்சு முதுகைப் பற்றியது.

மூட்டை சுமக்க முதுகு வேண்டும். நாற்று நட முதுகு வேண்டும். செங்கல் ஏற்ற முதுகு வேண்டும். உழைப்பவர் வீட்டில் அடுப்பு எரிவதே முதுகின் பலத்தால்தான். ஆனால் யாரும் தன் முதுகைத் தானே நேராகப் பார்த்ததில்லை. அதற்குள்ளே என்ன இருக்கிறது என்று கேட்டதும் இல்லை. வலி வந்தால் தைலம் தேய்ப்போம். அதோடு சரி.

முதலில் ஒரு கதை. சொல்வதற்காகக் கட்டிய கதைதான். ஆனால் கட்டட வேலை செய்கிறவர்களுக்கு இது புதிதாக இருக்காது.

ஓடி வந்த நால்வர்

பெங்களூரில் ஒரு கட்டடம் எழும்புகிறது. தர்மபுரியில் இருந்தும் கிருஷ்ணகிரியில் இருந்தும் வந்தவர்கள் அங்கே வேலை செய்கிறார்கள். காலை பதினொரு மணி. இரண்டாம் மாடியின் வெளிச்சுவரில் பூச்சு வேலை நடக்கிறது. சவுக்குக் கழியில் கட்டிய சாரம். கயிற்றுக் கட்டு நழுவியது. கொத்தனார் கீழே மல்லாந்து விழுந்தார்.

ரத்தம் இல்லை. நினைவும் தப்பவில்லை. "முதுகு வலிக்குதே" என்று முனகினார். கால் பெருவிரலை அசைத்தார். அது அசைந்தது.

நான்கு பேர் ஓடி வந்தார்கள். "தூக்குடா, தூக்குடா!" என்று ஒரே சத்தம். ஒருவர் அக்குளில் கை கொடுத்தார். ஒருவர் இரண்டு கால்களையும் பிடித்தார். நடுவில் தாங்க ஆள் இல்லை. தூளி போல அவர் உடம்பு நடுவில் மடிந்து தொங்கியது. ஆட்டோவில் உட்கார வைத்தார்கள். இரண்டு பக்கமும் இரண்டு பேர் முட்டுக் கொடுத்தார்கள். மேடு பள்ளத்தில் குலுங்கிக் குலுங்கி ஆட்டோ போனது.

மருத்துவமனையில் டாக்டர் அவருடைய பெருவிரலைக் கிள்ளினார். "தெரியுதா?" என்று கேட்டார்.

"எதுங்க டாக்டர்?" என்றார் கொத்தனார்.

ஓடி வந்த நால்வரும் நல்லவர்கள். அன்றைய கூலியை விட்டுவிட்டு வந்தவர்கள். கெட்ட எண்ணம் யாருக்கும் இல்லை. பிறகு எங்கே தவறு நடந்தது? அதைத் தெரிந்துகொள்ள முதுகுக்குள்ளே போய்ப் பார்க்க வேண்டும்.

எலும்பு மாலை

பக்கத்தில் இருப்பவரின் பிடரியைத் தொட்டுப் பாருங்கள். தலையைக் குனியச் சொல்லுங்கள். கழுத்து முடியும் இடத்தில் ஒரு முடிச்சுத் துருத்திக்கொண்டு நிற்கும். பெரும்பாலானவர்களுக்கு அதுதான் கழுத்தின் ஏழாவது எலும்பு. அங்கிருந்து கீழே விரலை ஓட்டுங்கள். ஒன்றன்கீழ் ஒன்றாக முடிச்சு முடிச்சாக வரும். இவை முள்ளெலும்புகள்.

கழுத்தில் 7. மார்புக்குப் பின்னால் 12. இடுப்பில் 5. அதற்குக் கீழே 5 எலும்புகள் ஒட்டி ஒரே அகன்ற எலும்பாகிவிடும். கடைசியில் சின்னச் சின்ன எலும்புகள் ஒட்டி வால் எலும்பாகும். எலும்புக்கும் எலும்புக்கும் நடுவே மெத்தை போல ஒரு வட்டு உண்டு. இதைத்தான் டாக்டர்கள் டிஸ்க் என்கிறார்கள்.

ஒவ்வொரு முள்ளெலும்பிலும் ஓட்டை இருக்கிறது. எலும்புகளை அடுக்கினால் ஓட்டைகள் சேர்ந்து நீளமான குழாய் ஆகும். அந்தக் குழாய்க்குள் பத்திரமாக இறங்குவது தண்டுவடம்.

தண்டுவடம் மூளையின் தொடர்ச்சி. பெரியவர்களுக்கு அது சுமார் 45 சென்டிமீட்டர் நீளம். சுண்டுவிரல் பருமன்தான் இருக்கும். எடை சுமார் 35 கிராம். அவ்வளவு சிறியது. ஆனால் மூளைக்கும் உடம்புக்கும் நடுவே உள்ள பெரிய பாதை அதுதான்.

கேபிளும் ஒயரும்

பெரிய தெருவில் கனமான கேபிள் போகிறது. அதிலிருந்து வீட்டுக்கு வீடு ஒயர் பிரிகிறது. தண்டுவடம் அந்தக் கேபிள் போன்றது. அதிலிருந்து இடப்புறம் ஒன்று, வலப்புறம் ஒன்று என ஜோடி ஜோடியாக நரம்புகள் பிரிகின்றன. முள்ளெலும்புகளின் பக்கவாட்டுச் சந்துகள் வழியாக வெளியே வருகின்றன. இவைதான் தண்டுவட நரம்புகள்.

எத்தனை ஜோடி? ஒரு கூட்டல் கணக்குப் போடுவோம்.

கழுத்தில் 8 ஜோடி.
மார்புப் பகுதியில் 12 ஜோடி.
இடுப்பில் 5 ஜோடி.
இடுப்புக்குக் கீழே உள்ள அகன்ற எலும்பில் 5 ஜோடி.
வால் எலும்பில் 1 ஜோடி.
மொத்தம் 31 ஜோடி.

கழுத்தில் எலும்பு 7 தானே, நரம்பு எப்படி 8 என்று கேட்கலாம். நல்ல கேள்வி. முதல் ஜோடி, முதல் எலும்புக்கும் மேலே, மண்டையோட்டுக்குக் கீழே வெளிவருகிறது. எட்டாவது ஜோடி, ஏழாவது எலும்புக்குக் கீழே வருகிறது. கணக்குச் சரியாகிவிட்டதா?

இன்னொரு செய்தி. தண்டுவடம் முதுகின் அடிவரை போவதில்லை. இடுப்பின் முதல் இரண்டு எலும்புகளுக்கு அருகிலேயே முடிந்துவிடுகிறது. அதற்குக் கீழே வெளியேற வேண்டிய நரம்புகள் குழாய்க்குள் கொத்தாகத் தொங்குகின்றன. பார்க்கக் குதிரை வால் போல இருக்கும். டாக்டர்களும் அதற்குக் குதிரை வால் என்றே பெயர் வைத்திருக்கிறார்கள்.

சேதியும் கட்டளையும்

ஒவ்வொரு தண்டுவட நரம்புக்கும் இரண்டு வேர்கள் உண்டு. ஒன்று முன் வேர். மற்றது பின் வேர்.

பின் வேர் சேதி கொண்டு வரும். "இங்கே சுடுகிறது", "இங்கே முள் குத்தியது", "இங்கே ஈரமாக இருக்கிறது" என்று தோல் சொல்வது பின் வேர் வழியாகத் தண்டுவடத்துக்குள் நுழைகிறது. பிறகு மூளைக்கு ஏறுகிறது.

முன் வேர் கட்டளை கொண்டு போகும். "கையைத் தூக்கு", "காலை மடக்கு" என்று மூளை சொல்வது தண்டுவடம் வழியாக இறங்கி, முன் வேர் வழியாகத் தசைக்குப் போகிறது.

ரயிலுக்குப் போகிற தண்டவாளம் ஒன்று, வருகிற தண்டவாளம் ஒன்று இருப்பது போலத்தான். 1822-ல் பிரான்ஸ் நாட்டு மருத்துவர் மஜாந்தி சோதனை செய்து இதைக் காட்டினார். எலும்பைத் தாண்டும் இடத்தில் இரண்டு வேர்களும் முறுக்கிய நூல் போல ஒன்றாகச் சேர்ந்துகொள்கின்றன.

சில வேலைகளுக்கு மூளையின் உத்தரவு வரும்வரை தண்டுவடம் காத்திருப்பதில்லை. சுடுகிற தோசைக்கல்லில் கை பட்டால் என்ன ஆகும்? கை சட்டென்று பின்னால் வந்துவிடும். அதற்குப் பிறகுதான் "அம்மா!" என்ற சத்தம் வரும். சேதி தண்டுவடத்துக்கு வந்ததுமே அங்கிருந்து கட்டளை போய்விடுகிறது. இதற்கு அனிச்சைச் செயல் என்று பெயர்.

உடம்பின் வரைபடம்

நிலத்தைப் பிரித்து ஆளுக்கு ஒரு பட்டா கொடுப்பது உண்டு. உடம்பின் தோலும் அப்படித்தான் நரம்புகளுக்குப் பிரித்துக் கொடுக்கப்பட்டிருக்கிறது. கட்டைவிரல் கழுத்தின் ஆறாவது நரம்புக்கு. சுண்டுவிரல் எட்டாவது நரம்புக்கு. தொப்புள் மார்பின் பத்தாவது நரம்புக்கு. கால் பெருவிரல் இடுப்பின் ஐந்தாவது நரம்புக்கு.

இந்த வரைபடத்தைக் கண்ணால் பார்க்க வேண்டுமா? அக்கி வந்தவரைப் பாருங்கள். முதுகில் தொடங்கி விலா வழியாக முன்பக்கம் வரை பட்டையாகக் கொப்புளம் வரும். பெரும்பாலும் ஒரு பக்கம் மட்டுமே வரும். ஏன்? சின்னம்மை வந்து போன பிறகும் அந்தக் கிருமி சாவதில்லை. நரம்பின் பின் வேரில் உள்ள முடிச்சுக்குள் பல ஆண்டுகள் தூங்கும். உடம்பு தளரும்போது விழிக்கும். அந்த ஒரு நரம்பின் வழியாகவே தோலுக்கு வரும். ஆகவே அந்த நரம்பின் பட்டாவுக்குள் மட்டும் கொப்புளம் வருகிறது. குயவரிடம் போய் அக்கி எழுதிக்கொள்வது பழைய வழக்கம். ஆனால் மூன்று நாளுக்குள் டாக்டரிடம் போனால் கிருமியை அடக்க மாத்திரை உண்டு. கண்ணுக்குப் பக்கத்தில் அக்கி வந்தால் அன்றே போக வேண்டும்.

டாக்டர் பெருவிரலைக் கிள்ளியது ஏன் என்று இப்போது புரியும். எந்த இடம் மரத்துப்போயிருக்கிறது என்று பார்த்தால், எந்த நரம்பில் பழுது என்று அவருக்குத் தெரிந்துவிடும்.

எங்கே அறுந்தால் என்ன ஆகும்?

கேபிள் அறுந்தால், அந்த இடத்தைத் தாண்டியுள்ள வீடுகள் எல்லாம் இருட்டாகும். தண்டுவடமும் அப்படித்தான்.

இடுப்புக்குச் சற்று மேலே தண்டுவடம் நசுங்கினால் கால்கள் போகும். சிறுநீர், மலம் இரண்டும் கட்டுப்பாட்டை இழக்கும். கழுத்தில் நசுங்கினால் கைகளும் போகும். கழுத்தின் மூன்று, நான்கு, ஐந்தாவது நரம்புகள்தான் மூச்சுக்கு உதவும் உதரவிதானத்தை இயக்குகின்றன. அதற்கும் மேலே அறுந்தால் மூச்சே நின்றுவிடும்.

கையிலோ காலிலோ உள்ள நரம்பு வெட்டுப்பட்டால், டாக்டர் தைத்த பிறகு அது மெல்ல வளரக்கூடும். ஒரு நாளைக்குச் சுமார் ஒரு மில்லிமீட்டர் வளரும். தண்டுவடம் அப்படி வளர்ந்து ஒட்டுவதில்லை. அறுந்த தண்டுவடத்தைப் பழையபடி ஆக்க இன்றுவரை மருந்து இல்லை.

இங்கேதான் எல்லோரும் கவனிக்க வேண்டிய செய்தி இருக்கிறது. விழுந்தவுடனே எலும்பு உடையலாம். ஆனால் தண்டுவடம் பிழைத்திருக்கலாம். கால் விரல் அசையும். ஆனாலும் எலும்பு உடைந்திருக்கும். அந்த நேரத்தில் உடம்பை மடக்கினால், உடைந்த எலும்பின் முனை தண்டுவடத்தில் குத்தும். கீழே விழுந்தபோது நடக்காத கேடு, தூக்கும்போது நடந்துவிடும்.

எல்லா விபத்திலும் இப்படித்தான் என்று சொல்ல முடியாது. சிலருக்கு விழும்போதே தண்டுவடம் போயிருக்கும். ஆனால் கதையில் வந்த கொத்தனாருக்கு விரல் அசைந்தது. அவருக்கு வாய்ப்பு இருந்தது.

கதையைத் திருத்திச் சொன்னால்

அதே கட்டடம். அதே கொத்தனார். கயிறு நழுவி மல்லாந்து விழுகிறார். அதே நால்வர் ஓடி வருகிறார்கள். ஆனால் இந்த முறை மூத்த சித்தாள் ஒருவர் முந்திக்கொள்கிறார். எல்லோரும் அவரை அத்தை என்றே கூப்பிடுவார்கள்.

"தொடாதீங்கடா! யாரும் தூக்காதீங்க!"

"என்ன அத்தை, மனுஷன் வலியில துடிக்கிறாரு..."

"துடிச்சாலும் பரவாயில்ல. மடக்கித் தூக்கினா காலே போயிடும். 108-க்கு போன் பண்ணு. மேலே இருந்து விழுந்துட்டாரு, முதுகுல அடின்னு சொல்லு."

அத்தை அவர் தலைமாட்டில் மண்டியிட்டார். இரண்டு கைகளாலும் தலையை இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டார்.

"அசையாதே தம்பி. தலையைத் திருப்பாதே. கால் விரலை மட்டும் ஆட்டு பார்ப்போம்."

"ஆடுதா அத்தை?"

"ஆடுது. அப்படியே படுத்திரு."

"தண்ணி குடு அத்தை."

"இப்ப வேணாம் தம்பி. ஆபரேஷன் இருந்தாலும் இருக்கும். உதட்டை மட்டும் நனைக்கச் சொல்றேன்."

அத்தை செய்தது அவ்வளவுதான். செய்யக் கூடாததைச் செய்யாமல் தடுத்தார். ஆம்புலன்ஸ் வரும்வரை தலையைப் பிடித்த கையை எடுக்கவில்லை.

நகர்த்தியே ஆக வேண்டும் என்றால்

சில நேரம் காத்திருக்க முடியாது. தீ பிடித்திருக்கும். சுவர் சரியும் நிலையில் இருக்கும். ஆம்புலன்ஸ் வர முடியாத இடமாக இருக்கும். அப்போது என்ன செய்வது?

ஐந்து பேர் சேருங்கள். அகலமான பலகையோ கதவோ கொண்டு வாருங்கள். ஒருவர் தலையை மட்டும் பிடிக்கட்டும். அவர் சொல்லுக்கே மற்றவர்கள் கட்டுப்பட வேண்டும். மூன்று பேர் ஒரே பக்கமாக உட்கார்ந்து தோள், இடுப்பு, கால் என்று பிடிக்கட்டும். "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்றதும் எல்லோரும் ஒன்றாக, மரக்கட்டையைப் புரட்டுவது போல அவரை ஒருக்களித்துத் திருப்புங்கள். தலையும் முதுகும் காலும் ஒரே கோட்டில் திரும்ப வேண்டும். ஐந்தாவது ஆள் பலகையை அடியில் தள்ளட்டும். பிறகு அதேபோல மெல்லப் பலகைமேல் கிடத்துங்கள். தலைக்கு இரண்டு பக்கமும் சுருட்டிய துணி வையுங்கள். தலைக்கு அடியில் தலையணை வேண்டாம். துண்டால் பலகையோடு சேர்த்துக் கட்டுங்கள். வண்டியில் படுத்தபடியே போக வேண்டும். உட்கார வைக்கவே கூடாது.

வாந்தி வந்தாலும் இதேபோல மொத்த உடம்பையும் ஒன்றாக ஒருக்களிக்க வேண்டும். மூச்சு நின்றுவிட்டால் மூச்சைத்தான் முதலில் பார்க்க வேண்டும். உயிர் இருந்தால்தான் மற்றது.

சாலை விபத்தில் உதவினால் போலீஸ், கோர்ட் என்று அலைய வேண்டுமோ என்று பலர் ஒதுங்கிப் போகிறார்கள். அந்தப் பயம் வேண்டாம். நல்லெண்ணத்தோடு உதவுகிறவருக்குப் பாதுகாப்புக் கொடுக்க மோட்டார் வாகனச் சட்டம் 2019-ல் திருத்தப்பட்டது.

சுமை தூக்குகிறவர்களுக்கு

விழாமலேயே நரம்புக்குத் துன்பம் வருவதும் உண்டு. குனிந்தபடி கனத்தைத் தூக்கும்போது டிஸ்க் பிதுங்கி நரம்பு வேரை அழுத்தும். இடுப்பில் தொடங்கும் வலி தொடை வழியாகப் பாதம் வரை மின்சாரம் போல இறங்கும். பலருக்குச் சில வாரங்களில் குறைந்துவிடும். ஆனால் உட்காரும் இடம் மரத்துப்போனாலோ, சிறுநீர் கழிக்க முடியாமல் போனாலோ, கால் பலம் குறைந்துகொண்டே வந்தாலோ, நாளைக்குப் பார்க்கலாம் என்று இருக்காதீர்கள். குதிரை வால் நரம்புகள் நசுங்குவதன் அடையாளம் அது. அன்றே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். மூட்டையைத் தூக்கும்போது முழங்காலை மடக்கி உட்கார்ந்து, சுமையை மார்போடு அணைத்துக்கொண்டு எழுங்கள்.

கால் போனால் வாழ்வு போய்விடுமா?

மேரி வர்கீஸ் என்ற பெண் டாக்டர் கேரளத்தில் பிறந்தவர். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் வேலை பார்த்தார். 1954-ல் நடந்த கார் விபத்தில் அவருடைய தண்டுவடம் பழுதானது. இடுப்புக்குக் கீழே உணர்வு இல்லை. ஆனால் கைகள் இருந்தன. சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவைச் சிகிச்சை செய்தார். தொழுநோயும் நரம்பைக் கெடுக்கும் நோய்தான். மடங்கிப்போன விரல்களை அவர் மீண்டும் வேலை செய்ய வைத்தார். பிறகு அமெரிக்காவில் மறுவாழ்வு மருத்துவம் படித்துத் திரும்பினார். 1966-ல் வேலூரில் மறுவாழ்வு நிலையம் திறக்கப்பட அவரே காரணமாக இருந்தார். 1972-ல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. 1986-ல் காலமானார்.

ராணுவ அதிகாரி அலுவாலியா 1965 மே மாதத்தில் எவரெஸ்ட் சிகரத்தில் ஏறினார். அதே ஆண்டு நடந்த போரின்போது குண்டடிபட்டு முதுகுத்தண்டு சேதமானது. சக்கர நாற்காலியில் இருந்துகொண்டே அவர் டெல்லியில் தண்டுவடக் காயத்துக்கென்று ஒரு பெரிய மருத்துவமனையை உருவாக்கினார். 2022-ல் காலமானார்.

இருவருமே படித்தவர்கள், உதவி கிடைத்தவர்கள் என்று சொல்லலாம். உண்மைதான். கூலி வேலை செய்கிறவருக்கு இது இன்னும் கடினம். ஆகவேதான் வீட்டில் உள்ளவர்கள் சிலவற்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். மரத்துப்போன இடத்திலிருந்து சேதி வராது. படுக்கைப்புண் வந்தாலும் அவருக்குத் தெரியாது. ஆகவே படுத்திருப்பவரை இரண்டு மணிக்கு ஒரு தடவை திருப்பிப் படுக்க வைக்க வேண்டும். நாள்தோறும் தோலைப் பார்க்க வேண்டும். சிறுநீர் தேங்காமல் பார்க்க வேண்டும். ஊனமுற்றோர் சான்றிதழ் வாங்க வேண்டும். கட்டடத் தொழிலாளர்கள் விபத்து வரும் முன்பே நல வாரியத்தில் பெயரைப் பதிவு செய்துகொள்ள வேண்டும்.

நண்பர்களே! உயரத்தில் ஏறும் வேலை நாளையும் இருக்கும். சாரத்தின் கட்டைச் சோதித்துவிட்டு ஏறுங்கள். பாதுகாப்பு பெல்ட்டைக் கேட்டு வாங்குங்கள். அதையும் மீறி யாராவது விழுந்தால் நான்கு பேர் ஓடி வருவார்கள். அந்த நால்வரில் ஒருவருக்காவது இது தெரிந்திருக்க வேண்டும்.

மடக்காதே. திருப்பாதே. உட்கார வைக்காதே.

இந்த மூன்று சொற்களையும் இன்று பலகையில் எழுதிப் பாருங்கள். வீட்டுக்குப் போனதும் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டுங்கள். நாளைக் காலையில் வேலைக்குப் போகும் இடத்தில் கூட இருப்பவர்களுக்கும் சொல்லுங்கள்.